இடுப்பளவுச் சுவர்

அந்தச் சுவரு ஏன் இடுப்பளவோட நிக்குதுன்னுதான கேட்டிய? பஸ்ஸுல ஏறும்போதே நீங்க அதைத் திரும்பித் திரும்பிப் பாத்ததை நான் கவனிச்சேன். சொல்லுதேன், இருங்க. அதுக்கு முன்ன ஒண்ணு கேக்கேன், தப்பா நினைக்கக் கூடாது. நீங்க எங்க மிஷன் சங்கத்து ஆபீஸ்லருந்து வரலியே? இல்லையா? சாமை வெளச்சல் கணக்கெடுக்க வந்தேன்னு சொல்லுதிய. சரி. நம்புதேன். ஆளைப் பாத்தா பொய் சொல்லுத முகமாத் தெரியல. ஆனா முகத்தைப் பாத்து நான் நிறைய ஏமாந்திருக்கேன், பாத்துக்கிடுங்க.

என் பேரு ஞானதிரவியம். ஊரு சாத்தான்குளம் பக்கம், பேச்சுலயே தெரிஞ்சிருக்கும். இந்த ஜவ்வாது மலையில மேல்சாமைக்காட்டுக்கு உபதேசியாரா வந்து பத்தொம்பது வருசம் ஆச்சு. உபதேசியார்னா அங்கி போட்ட பாதிரி ஐயரு இல்ல தம்பி. மணி அடிக்கது, ஜெபம் நடத்துதது, வீடு வீடாப் போயி நல்ல வார்த்தை சொல்லுதது, எல்லாம் நாந்தான். பத்தொம்பது வருசத்துல பதினோரு வீடு கோயிலுக்கு வருது. கொறச்சல்னு நினைக்கியளா? ஏறிப் பாத்தாத்தான் தெரியும் இந்த மலை.

போன மாசிக்கு முன்னால ஆபீஸ்லருந்து ஒரு கடுதாசி. கோயம்புத்தூர்ல ஒரு சபையிலருந்து ஏழு பேரு வாராவ, எட்டு நாளு தங்கி ஊழியம் செய்வாவ, உமக்கு என்ன வேலை ஆகணுமோ எழுதும்னு. நான் ஒரே வேலைதான் எழுதினேன். கோயிலைச் சுத்தி ஒரு மதிலு, முன்னால ஒரு வளைவு. ஆடு மாடு பூராவும் கோயில் வாசல்லதான் வந்து படுக்குது. அதோட, மதிலும் வளைவும் இருந்தாத்தான ஒரு கோயிலுக்கு மதிப்பு? வளைவுல என் பேரைப் பொறிக்கணும்னு ஒரு யோசனை உண்டு. அது என் யோசனை இல்ல, சபையில ஒருத்தரு சொன்னது. யாருன்னு இப்ப ஞாபகம் இல்ல.

வந்தாவ. ஏழு பேரு, ஆளுக்கொரு தொப்பி. தலைவி ஷெரின்னு ஒரு பிள்ளை, பேங்குல வேலையாம். வேனை விட்டு இறங்கின உடனே என்கிட்ட சொல்லுது, "ஐயா, நாங்க பிரசங்கம் பண்ண வரலைங்க. கையால என்ன செய்யணும்னு சொல்லுங்க, செஞ்சிட்டுப் போறோம்."

எனக்கு அப்பமே சுருக்குன்னுச்சு. பிரசங்கம் பண்ண வரலையாம். அப்பம் நான் இத்தனை வருசமாப் பண்ணினது என்ன? நம்பிக்கையை வாயாலதான சொல்ல முடியும்? கையால எப்படிச் சொல்லுவிய? ரெண்டு போட்டோ எடுத்துட்டு, எட்டாம் நாளு இறங்கிப் போயி, மலையையே மாத்திட்டோம்னு சொல்லுவாவ, அவ்வளவுதான்னு நினைச்சேன். நினைச்சதை வெளிய காட்டல.

அந்த ஏழு பேருல ஒருத்தன்தான் ஏசுவடியான். நாகர்கோயில்காரன், கோயம்புத்தூர்ல கொத்தன் வேலை. அம்பது வயசு இருக்கும். மத்தவங்க எல்லாம் கை தட்டிப் பாட்டுப் படிக்காவ, இவன் வாயைத் திறக்கவே இல்ல. சத்தமா ஒரு ஜெபம் கிடையாது, ஒரு ஸ்தோத்திரம் கிடையாது. ஊழியத்துக்கு வந்த ஆளு இப்படியா இருப்பான்?

முதல் நாள் சாயங்கால ஜெபத்துல நான் அவங்களுக்கு என் சம்சாரத்தை அறிமுகம் பண்ணி வச்சேன். பேரு தங்கபுஷ்பம். "இவ சாயங்காலம் நாலு மணிக்கு மேல ஒரு சொட்டுத் தண்ணி தொடமாட்டா. பத்தொம்பது வருசமா இப்படித்தான். அடக்கம்னா இதுதான் அடக்கம்"னு சொன்னேன். எத்தனையோ பிரசங்கத்துல இதைச் சொல்லியிருக்கேன், கேட்டியளா. கேக்கவங்களுக்குக் கண்ணு கலங்கும். அன்னைக்கும் எல்லாரும் தலையாட்டினாவ. ஏசுவடியான் மட்டும் நிமிந்து அவளைப் பாத்தான். அப்புறம் என்னைப் பாத்தான். என்னத்துக்குப் பாக்கான்னு மனசுல குறிச்சு வச்சுக்கிட்டேன்.

மறுநாள் சுவரு வேலை தொடங்கியாச்சு. அஸ்திவாரம் எடுத்து, ரெண்டு வரி செங்கலும் வச்சாச்சு. தங்கபுஷ்பமும் மண்ணு சுமந்தா. வேண்டாம்னு சொன்னேன், முட்டுவலிக்காரி, கேக்கல. அஞ்சு மணிக்கு வேலை முடியுத நேரம், நான் கோயில் படியில நிக்கேன். அங்கன ஏசுவடியான் ஒரு டம்ளர்ல தண்ணி மோந்து அவ கையில நீட்டுதான். அவ வேண்டாம்னு கையை ஆட்டுதா. சரி, போயிருவான்னு பாத்தா, போகல. என்னமோ கேக்கான். அவ என்னமோ சொல்லுதா. ரொம்ப நேரம். அப்புறம் முந்தானையால முகத்தைத் துடைக்கா. தூரம், ஒரு எழுத்தும் காதுல விழல. நேத்து வந்த ஆளு, என் வீட்டுக்காரிகிட்ட அழுத அளவுக்கு என்ன பேச்சு?

மூணாம் நாள் காலையில சுவருல ஆறு பேருதான் நிக்காவ. என் வீட்டுக்குப் பின்னால தொம்மு தொம்முன்னு கடப்பாரைச் சத்தம். போயிப் பாத்தா, முட்டளவு குழிக்குள்ள ஏசுவடியான் நிக்கான்.

"என்னவே இது?"

"குழி, ஐயா."

"குழின்னு தெரியுது. என்னத்துக்கு?"

"கக்கூசுக்கு."

"நான் கேட்டது சுவரு."

"சுவரும் வரும் ஐயா. இது முன்ன."

சொல்லிட்டு மறுபடியும் குனிஞ்சுக்கிட்டான். கோவத்தோட நேரா ஷெரின்கிட்ட போனேன். அது சிரிச்சுக்கிட்டே, "அண்ணன் காரணம் இல்லாம எதையும் தொடமாட்டாருங்க ஐயா"ன்னுட்டு. காரணம் என்னன்னு அதுக்கும் தெரியல. தெரியாமலே நம்புது!

நான் உக்காந்து யோசிச்சேன். ஒரு மனுசன் சும்மா இப்படிச் செய்யமாட்டான். ஒண்ணு, இவனை ஆபீஸ்காரங்க அனுப்பியிருக்கணும். உபதேசியார் வீட்டுல கக்கூசு கூடக் கிடையாதுன்னு எழுதி என்னை மாத்தப் பாக்காவ. இல்ல, வேற சபைக்காரன், என் பதினோரு வீட்டையும் கிளப்பிட்டுப் போக வந்திருக்கான், அதுக்கு முதல்ல என் வீட்டுக்காரியைக் கைக்குள்ள போடுதான். அதுவும் இல்லன்னா, இவன் விசுவாசியே கிடையாது. கூலிக்கு வந்தவன். வேதபுஸ்தகம் ஒண்ணு அவன் கையில நான் பாக்கவே இல்லயே!

இந்த மூணாவதுதான் எனக்கு உறுதியாப் பட்டுது. அன்னைக்குச் சாயங்காலம் கோயில் நிறையச் சனம். கோயம்புத்தூர்க்காரங்களைப் பாக்கதுக்குன்னே வெளியாளுங்களும் வந்து வாசல்ல நிக்காவ. நான் புஸ்தகத்தை எடுத்தேன். "இன்னைக்கு வேதபாடம் நம்ம ஏசுவடியான் வாசிப்பாரு"ன்னு சொல்லி அவன் கையில குடுத்துட்டேன்.

எழுந்து நின்னான். புஸ்தகத்தைப் பாத்தான். அப்புறம் எல்லாருக்கும் கேக்கும்படியாச் சொன்னான், "எனக்கு எழுத்து தெரியாது ஐயா. வாசிச்சாக் கேப்பேன்."

உண்மையைச் சொல்லுதேன் தம்பி, எனக்கு உள்ளுக்குள்ள ஒரு சந்தோசம். அகப்பட்டான்னு நினைச்சேன். அப்பம் பொம்பளைங்க பக்கத்துலருந்து ஒருத்தி எழுந்து வாரா. யாருன்னு பாக்கேன், தங்கபுஷ்பம். அவ கோயில்ல எழுந்து வாசிச்சது கிடையாது. பத்தாம் வகுப்பு பாசு பண்ணினவதான். நான் ஒம்பதோட நின்னாச்சு. ஆனா அது வேற விசயம், வாசிக்கது என் வேலை. அவ வந்து அவன் கையிலருந்து புஸ்தகத்தை மெல்ல வாங்கினா. "நீங்க உக்காருங்க அண்ணாச்சி, நான் வாசிக்கேன்"னா. நான் சொன்னது எட்டு வசனம். அவ நிறுத்தல. முழு அதிகாரத்தையும் வாசிச்சு முடிச்சா. குரலு கணீர்னு இருந்துச்சு. அந்தக் குரலு அவகிட்ட இருக்குன்னு எனக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்த உடனே கேட்டேன். "ஏட்டி, என்ன நடக்குது இங்க? அவன் யாரு உனக்கு?"

"குழி தோண்டச் சொன்னது நான்தான்"னா.

"நீயா?"

"ஏம்மா தண்ணி வேண்டாங்கியன்னு கேட்டாரு. சொன்னேன்."

"அதான் நீ அடக்கமா, உபவாசம் மாதிரி..."

"உபவாசமா?" அவ என்னை ஒரு மாதிரி பாத்தா. "பொழுது சாஞ்ச பிறகு ஒதுங்கப் போகணும்னா அந்தச் சரிவுல இறங்க எனக்கு முட்டு ஒத்துழைக்கல. ரெண்டு தடவை விழுந்திருக்கேன். கரடி வேற நடமாடுது. நாலு மணிக்கு மேல தண்ணி குடிச்சா இறங்கித்தான ஆகணும்? அதான் குடிக்கல. வேற ஒண்ணும் இல்ல."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

இதை நான் இன்னைக்கும் ஒத்துக்கிடல. கேட்டாத்தான் சொல்லணுமா? எனக்கு எப்படித் தெரியும்? நான் விடியக்காலம் எந்திரிச்சு, ஒரு கீர்த்தனையைப் பாடிக்கிட்டே அந்தச் சரிவுல இறங்கிருவேன். எனக்கு அது ஒரு கஷ்டமாவே தெரிஞ்சதில்ல. அவளுக்கு ரெண்டு வருசம் முன்ன இடுப்புல வலி வந்து துடிச்சா, போளூர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன், இல்லன்னு சொல்லல. சிறுநீரகத்துல கல்லுன்னாரு டாக்டரு. நிறையத் தண்ணி குடிம்மான்னாரு. வந்து குடிக்கல. டாக்டர் சொல்லியும் விரதத்தை விடலியேன்னு அதையும் நான் ஒரு பிரசங்கத்துல சேத்துக்கிட்டேன். நல்ல பிரசங்கம் அது.

ஆறாம் நாளு கக்கூசு முடிஞ்சுது. குழிக்குச் சிமெண்டு உறை இறக்கி, கக்கூசுக் கோப்பை பதிச்சு, செங்கல் சுவரு, தகரக் கதவு, உள்ள தாப்பாளு. செங்கலு ஏதுன்னு கேக்கியளா? என் மதிலுக்கு வந்த செங்கலுதான்! அன்னைக்குச் சாயங்காலம் ஏழு மணி இருக்கும். தங்கபுஷ்பம் முற்றத்துல நின்னு, ஒரு சொம்பு நிறையத் தண்ணியை அண்ணாந்து குடிச்சா. முழுச் சொம்பையும். எல்லாரும் பாத்துக்கிட்டு நிக்காவ. குடிச்சிட்டு வாயைத் துடைச்சுக்கிட்டு, "குளிச்சியா இருக்கு"ன்னா. அந்த ஷெரின் பிள்ளை அழுதுட்டு. தண்ணி குடிக்கதைப் பாத்து அழுவாவளா? எனக்கு ஒண்ணும் விளங்கல.

அது அதோட முடிஞ்சிருந்தாச் சரி. மறுநாள் சடைச்சி வந்துட்டா. கீழ் வீட்டுக்காரி, பத்தொம்பது வருசமா நான் எத்தனை தடவை கூப்பிட்டும் கோயில் படி ஏறாதவ. நான் அவ வாசல்ல போயி நின்னா, மாட்டைப் பாக்கப் போறேன்னு பின் வழியா ஓடிருவா. அவ வந்து கதவைத் திறந்து பாக்கா, மூடிப் பாக்கா, தாப்பாளைப் போட்டுப் பாக்கா. "இன்னாக்கா, இது உனக்கா?"ன்னு தங்கபுஷ்பத்தைக் கேக்கா. "எம் மருமகளுக்கு இப்ப எட்டு மாசம்க்கா. சரிவுல எறங்க முடியாம அழுவுறா."

தங்கபுஷ்பம் ஏசுவடியானைப் பாத்தா. அவன் மண்வெட்டியைத் தூக்கித் தோளுல வச்சான். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல. ஏழு பேருமா அங்க போயி நின்னாவ, மிச்சச் செங்கலும் போயிட்டு. சுவரு இடுப்பளவோட நின்னு போச்சு. இப்ப விளங்குதா?

அந்த ஞாயித்துக்கிழமை சடைச்சி கோயிலுக்கு வந்தா. மருமகளையும் கூட்டிட்டு வந்து கடைசி வரிசையில உக்காந்தா. நான் பிரசங்கம் பண்ணிக்கிட்டே அவளையேதான் பாக்கேன். கக்கூசுக்காக வந்தாளா, கர்த்தருக்காக வந்தாளா? இப்பமும் வாரா. இப்பமும் எனக்குத் தெரியல. நேராவே கேட்டுட்டேன் ஒரு நாளு. அவ சொல்லுதா, "நீ சொல்றதெல்லாம் செத்தப்பறம்தானே ஐயா நடக்கும்னு நெனச்சேன். உயிரோட இருக்கப்பவே கொஞ்சம் நடக்கும்போல தெரியுது. அதான் இன்னும் என்ன சொல்றேன்னு கேட்டுப் பாக்கலாம்னு வந்தேன்." இதுக்கு என்ன அர்த்தம்? நீங்க படிச்சவரு, சொல்லுங்க பாப்போம்.

அவங்க கிளம்பின அன்னைக்கு நான் ஏசுவடியானைத் தனியாக் கூப்பிட்டேன். "இங்க பாரும், இப்பமாவது உண்மையைச் சொல்லும். உம்மை யாரு அனுப்பினா? இதுல உமக்கு என்ன கிடைக்குது?"

கொத்துக்கரண்டியைக் கழுவிக்கிட்டே இருந்தான். "வீட்டுல ஒருத்தி இருந்தா ஐயா. கேக்காம விட்டுட்டேன். இப்பம் யாரைப் பாத்தாலும் கேட்டுருதேன்"னான். அவ்வளவுதான். யாரு அந்த ஒருத்தி, என்ன கேக்காம விட்டான், ஒண்ணும் சொல்லல. பேச்சை மாத்திட்டான். "சுவரு பச்சையா இருக்கு. ஏழு நாளு காலையிலயும் சாயங்காலமும் தண்ணி ஊத்தணும், இல்லன்னா வெடிச்சிரும். அம்மையைச் சுமக்க விடாண்டாம் ஐயா. நீங்க ஊத்துங்க."

என்னை! உபதேசியாரை! ஆனா பாத்துக்கிடுங்க, பாதிச் சுவராவது நிக்கட்டும்னு ஊத்தத்தான் செஞ்சேன். தண்ணி எடுக்குத ஊத்து எங்க வீட்டுலருந்து அரை மைல் இருக்கும், பள்ளத்துல. இத்தனை வருசத்துல நான் ஒரு குடம் அங்கருந்து தூக்கினதில்ல. தூக்க வேண்டிய அவசியம் வரல. முதல் நாளு ரெண்டு குடத்துக்கே தோளு வீங்கிட்டு. மூணாம் நாளு சறுக்கி விழுந்தேன். விழுந்த இடத்துல ஒரு பாறை, அதுல உக்காந்து கொஞ்சம் மூச்சு வாங்கினேன். அந்தப் பாறை வழுவழுன்னு தேஞ்சு கிடக்கு. பொம்பளைங்க குடத்தை இறக்கி வச்சு இளைப்பாறுத இடம்போல. யாரு யாரு உக்காந்து தேச்சாவளோ. எனக்கு அங்க உக்காந்திருக்கவே ஒரு மாதிரியா இருந்துச்சு. எந்திரிச்சு வந்துட்டேன்.

ஏழாம் நாளு சாயங்காலம் கடைசிக் குடத்தை ஊத்திட்டு வீட்டுக்குள்ள வந்தேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டு இருந்தா. என்ன தோணிச்சோ, கேட்டேன். "ஏட்டி, வேற எதுவும் உண்டா?"

"என்னது?"

"நான் கேக்காம விட்டது."

களைஞ்ச கை நின்னுட்டு. நான் கேட்டிருக்கக் கூடாதோன்னு ஆயிட்டு. அப்புறம் சொன்னா. "நீங்க அப்பம் ஊருல இருக்கும்போது வீட்டுக்கு வந்து, ஆண்டவர் என்னை மலைக்கு அழைச்சிட்டாருன்னு சொன்னிய. மறு வாரமே சாமானைக் கட்டினோம். உங்களை அழைச்சாரு, சரி. என்னை அழைச்சாரான்னு நீங்க ஒரு நாளும் கேக்கலியே."

தம்பி, நான் எத்தனையோ பேரோட தர்க்கம் பண்ணியிருக்கேன். எதுக்கும் வசனத்தைக் கொண்டு பதில் வச்சிருக்கேன். அன்னைக்குக் கையில இருந்தது காலிக் குடம்தான். அதைக் கீழ வைக்கக்கூடத் தோணாம நிக்கேன்.

"சரி"ன்னேன். "இப்பம் கேக்கேன். நமக்கு வயசாகுது. ஊருக்குப் போயிருவமா, இங்கயே இருக்கியா? உன் இஷ்டம். நீ போகணும்னா ஆபீசுக்கு இன்னைக்கே எழுதிருதேன்."

நான் நெசமாத்தான் கேட்டேன். அவ போகணும்னு சொன்னா, போயிருந்திருப்போம். என் பதினோரு வீடு, என் மணி, என் கோயிலு, எல்லாம் அவ வாயிலருந்து வரப்போற ஒரு சொல்லுல நிக்குது. அவ தண்ணியை வடிச்சா. அரிசியை உலையில போட்டா. மூடியைப் போட்டா. அவசரமே படல.

"கேட்டுட்டியல்லா"ன்னா. "இருக்கேன்."

அவ்வளவுதான் சொன்னா. நான் குடத்தைக் கீழ வச்சேன்.

இன்னைக்கும் போளூருக்கு அவ எழுதிக் குடுத்த சீட்டோடதான் போறேன். மேல் ஊருல மூணு வீட்டுக்குக் கக்கூசுக் கோப்பை வாங்கணும். அவளும் சடைச்சியும் குழி தோண்டி முடிச்சிட்டாவ. அவ இப்பம் ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகும் தண்ணி குடிக்கா. கோயில்லயும் அவதான் வாசிக்கா, நான் விளக்கம் மட்டும் சொல்லுதேன். சனமும் கூடித்தான் இருக்கு. எல்லாம் நல்லாத்தான் போவுது. ஆனா பத்தொம்பது வருசமாக் கேக்காத கேள்வி என் வாயில எப்படி வந்துச்சு, அதுக்குச் சரியா அப்படி ஒரு பதிலு அவ வாயில எப்படி வந்துச்சுன்னு நான் யோசிச்சு யோசிச்சுப் பாக்கேன். தானா வருத பேச்சா அது? நீங்க என்ன நினைச்சாலும் சரி தம்பி, இதுலயும் அந்தக் கொத்தன் கை இருக்குன்னுதான் எனக்குச் சந்தேகம்.